மெர்வின் வீட்டு வோல்டேஜ்

உட்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படி ஜன்னல் பக்கம் வாங்க. ஜெகதா, ரெண்டு காபி! கிட்டார் எங்கயும் ஓடிப் போகாது, அதோ மூலையில உறையோட நிக்குது பாருங்க. பொண்ணுக்குன்னு போன்ல சொன்னீங்க இல்ல? என்ன படிக்குது? ஆர்க்கிடெக்சரா? நல்லது. கட்டடம் கட்டறவங்களுக்கு அஸ்திவாரம்னா என்னன்னு தெரியும். பேஸ் கிட்டாரும் அதுதான். மேல பால்கனி, பூந்தொட்டி எல்லாம் மத்தவங்க வெச்சுக்குவாங்க.

"ஏன் விக்கறீங்க"ன்னு வாசல்லயே கேட்டீங்க. நியாயமான கேள்வி. பழைய ஸ்கூட்டர் வாங்க வர்றவன்கூட அதைத்தான் கேப்பான். ஒரே வார்த்தையில சொல்லிடலாம்: மெர்வின். ஆனா உங்களுக்குப் புரியாது. காபி வர்ற வரைக்கும் சொல்றேன், கேளுங்க.

நான் பக்கத்துல இருக்கற சப்-ஸ்டேஷன்ல ஆப்பரேட்டர். காம்பவுண்ட் சுவருக்கு இந்தப் பக்கம் குவார்ட்டர்ஸ், அந்தப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர். இருபது வருஷத்துக்கு மேல நைட் டூட்டிதான். யாரும் போடலை சார், நானாக் கேட்டு வாங்கினது. பகல்ல அதிகாரிங்க வருவாங்க, கேள்வி கேப்பாங்க. ராத்திரி அந்த டிரான்ஸ்ஃபார்மரும் நானும்தான். அது ஒண்ணும் கேக்காது. எங்களுக்குப் பிள்ளைங்க இல்லை. அதை விடுங்க. ஊரு தூங்கறப்ப முழிச்சிருக்கறவன், ஊரு முழிச்சிருக்கறப்ப என்ன பண்ணுவான்? தூக்கம் வராது. அப்ப எடுத்ததுதான் இது. ஒரு ஹோட்டல்ல பேண்டைக் கலைச்சுட்டாங்க, அங்க இருந்து வந்தது.

ஏன் பேஸ்னு கேளுங்க. பாட்டு ஓடறப்ப பேஸை யாரும் கவனிக்க மாட்டாங்க. அது நின்னுச்சுன்னா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. கரண்ட் மாதிரி. அது எனக்குப் பிடிச்சிருந்தது.

குரு கிடையாது. எல்லாம் நானாக் கத்துக்கிட்டது. பழைய புத்தகக் கடையில கிடைச்ச பாடம், போன்ல பார்த்த பாடம், மிச்சம் இந்தக் காது. காதைப் பத்திச் சொல்லியே ஆகணும். கொஞ்சம் பேசாம இருங்க. கேக்குதா? ம்ம்ம்ம்ம்... அதான். டிரான்ஸ்ஃபார்மர். பழகாதவங்களுக்கு அது இரைச்சல். எனக்கு அது சுருதி. இந்தக் கிட்டார்ல மெல்லிசா ஒரு கம்பி இருக்கு, ஜி-ன்னு பேரு. அதை அந்த ஹம்மோட சேர்த்து வெச்சேன், கிட்டத்தட்ட அச்சா உட்கார்ந்துச்சு. ஒரு துளி முறுக்கினேன், முழுசா உட்கார்ந்துச்சு. அதுல இருந்து மத்த மூணு கம்பியையும் பிடிச்சுக்கலாம். இன்னைய வரைக்கும் எனக்குச் சுருதிப் பெட்டி தேவைப்படலை. மழையோ வெயிலோ மாறாத சுருதி. இந்தியா முழுக்க கரண்டுக்கு ஒரே கிரிட், ஒரே ஹம்! காஷ்மீர்ல இருக்கறவன் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல உட்கார்ந்து வாசிச்சாலும் என்னோட சேரும். இப்படி ஒரு தேசிய ஒருமைப்பாட்டை எந்த சங்கீத சபா கொண்டு வந்திருக்கு, சொல்லுங்க.

என்ன, போனை எடுக்கறீங்க? பொண்ணு ஏத்திக் கொடுத்த, சுருதி பார்க்கற ஆப்பா? சரி, வெச்சுப் பாருங்க. கம்பியைத் தட்டறேன். முள்ளு வலது பக்கம் போகுதா? சிவப்பு விழுதா? விழும் சார். போன் பாட்டரியில ஓடுது. பாட்டரியில ஓடறது கிரிட்டைப் பார்த்துத் தப்புன்னு சொன்னா நீங்க யாரை நம்புவீங்க? உள்ள வைங்க, பரவால்ல.

முன்னாடி ஒரு லைட் மியூசிக் குழுவுல கொஞ்ச நாள் வாசிச்சேன். அங்க கீபோர்டு வாசிச்சவர் தங்கமான மனுஷன். மேடை ஏறினதும் என்னைப் பார்ப்பார், ஒரு பெருமூச்சு விடுவார், அவர் பெட்டியில ஒரு குமிழைக் கொஞ்சம் திருப்புவார். அப்புறம்தான் ஆரம்பிப்பார். அவ்வளவு மரியாதை. புல்லாங்குழல்காரர்தான் ஒத்து வரலை. குழலுக்குக் குமிழ் இல்லையே. சண்டை பெரிசாச்சு, வந்துட்டேன்.

மெர்வினுக்கு வர்றேன். ரெண்டு தெரு தள்ளி, பாதிரியார் பங்களா பக்கத்துல பச்சை கேட் வீடு. ரயில்வேயில கூட்ஸ் கார்டா இருந்து ரிட்டையர் ஆனவர், ஆங்கிலோ இந்தியன். ஒரு சாயங்காலம் நான் டூட்டிக்கு ஏறற நேரம், வோல்டேஜ் குறைவா இருக்குன்னு சப்-ஸ்டேஷன் வாசல்லயே வந்து நின்னார். நிஜமாவே குறைவு, அன்னைக்கு ஒரு கேபிள் போயிருந்துச்சு. லைன்மேனோட நானும் போனேன். உள்ள பார்த்தா ஒரு பியானோ. யார் சார் வாசிக்கறதுன்னு கேட்டேன். "நான்தான். ஜாஸ், மேன்"னார். நான் பேஸ் வாசிப்பேன்னேன். மனுஷன் மீட்டரை மறந்துட்டார். "மெட்ராஸ்ல பேஸ் வாசிக்கிறவன் எல்லாம் பெங்களூர் போய்ட்டான் மேன். நீ எப்பிடி மிச்சம்?"

அப்படித்தான் தினமும் டீ நேரத்துக்கு அங்க போக ஆரம்பிச்சேன். அவர் பியானோ, நான் பேஸ், டிரம்ஸுக்கு ஷௌக்கத். மூக்குக் கண்ணாடிக் கடை வெச்சிருக்கான், என்னை அண்ணேம்பான். ஆளு நல்லவன், காது சுமார்.

மெர்வின் சார் ஒரு மெட்டுப் போட்டிருந்தார். பேரு டோரீன். அவர் சம்சாரம் பேரு. மெல்போர்ன்ல இருக்கற மக பிரசவத்துக்குன்னு போனாங்க. அந்தப் பேரன் இப்ப பள்ளிக்கூடம் போறான். இவங்க இன்னும் வரலை. அவங்க போனப்புறம் போட்ட மெட்டு அது, அவங்க கேட்டதே இல்லை.

அந்த மெட்டு இருக்கே சார், அது மெட்டு இல்ல, எலிப்பொறி. சாதாரணப் பாட்டுல ஒரு கார்ட், அதாவது நாலஞ்சு சுரம் சேர்ந்து ஒலிக்கறது, அது வந்தா கொஞ்ச நேரம் நிக்கும். நாமளும் மூச்சு விடலாம். டோரீன்ல ரெண்டு தட்டுக்கு ஒரு கார்ட். ஈ ஃபிளாட்ல சாதுவா ஆரம்பிக்கும். ஆஹான்னு காலை நீட்டறதுக்குள்ள, சொல்லாம கொள்ளாம ஏ-க்குத் தாவும். இருக்கறதே பன்னெண்டு சுரம், அதுல இதைவிடத் தூரம் கிடையாது. அங்க போய் இறங்கினா, இன்னொரு பக்கம் ஓடும். என்ன சார் இதுன்னு கேட்டேன். "டோரீன் அப்பிடித்தான் மேன். மீன் வாங்கிட்டு வர்றேன்னு போவா, தொப்பி வாங்கிட்டு வருவா."

அதுக்கு மேல பேஸ் எப்படி வாசிக்கறது? எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். எந்த கார்ட் வருதோ அதோட அடிச்சுரத்தைப் பிடிச்சு டொம்முனு தட்டறது. ஈ ஃபிளாட்டா, டொம். ஏ-வா, ஓடிப் போய் டொம். மூச்சு வாங்கும். ஒருநாள் மெர்வின் சார் நடுவுல நிறுத்திட்டார். "ஏகா, நீ மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவன் மாதிரி வாசிக்கிறே. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு பெல் அடிக்கிறே. தெருவுல நட மேன், நட!" என் பேரு ஏகாம்பரம். அவருக்கு ஏகா. ஷௌக்கத் சிரிச்சான். நான் சிரிக்கலை. ரீடிங் எடுக்கறது வேற கேடர், நான் ஆப்பரேட்டர். அதைச் சொன்னேன். அதுக்கும் சிரிச்சாங்க.

ஆனா வார்த்தை தைச்சிடுச்சு. நட. எப்படி நடக்கறது? பேனல் முன்னாடி உட்கார்ந்து அதையே யோசிச்சேன். சப்-ஸ்டேஷன்ல ஒரு வேலை உண்டு சார். ஒரு ஃபீடர்ல, அதாவது ஏரியாவுக்குக் கரண்ட் கொண்டு போற லைன்ல, ஓடற லோடை இன்னொரு ஃபீடருக்கு மாத்தணும். படக்குன்னு இதைப் பிடுங்கி அதுல சொருகினா பாதி பெரம்பூர் இருட்டாயிடும். அதனால புதுசை முன்கூட்டியே சேர்த்துக்கணும், ஒரு நொடி ரெண்டும் சேர்ந்து ஓடும், அப்புறம் பழசை விடணும். வீட்ல டிவி பார்க்கறவனுக்கு ஒரு சிமிட்டல்கூடத் தெரியாது. அதுதான் நல்ல ஆப்பரேட்டருக்கு அடையாளம். பேஸும் அதேதான்! கார்ட் மாறினப்புறம் ஓடினா டிரிப் ஆகும். மாறறதுக்கு முன்னாடி வர்ற சுரமே அடுத்த வீட்டு வாசப்படியா இருக்கணும்.

அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஈ ஃபிளாட்ல இருக்கேன். அந்த கார்டுக்குள்ளயே ஐந்தாம் சுரம் ஒண்ணு இருக்கு, பி ஃபிளாட். ஏ எங்க இருக்கு? அதுக்கு ஒரே ஒரு கட்டை கீழ. ஒட்டினாப்பல. ஊரிலேயே ரொம்பத் தூரம்னு நெனச்சது பக்கத்து வீடு சார்! விரலை அசைச்சாப் போதும். எத்தனை வாரமா அந்தக் கிட்டார் கழுத்துல மேலயும் கீழயும் ஓடியிருக்கேன்.

டூட்டி முடிஞ்சு வந்ததும் இதே ஜன்னல்ல உட்கார்ந்து வாசிச்சேன். ஆம்ப்ளிஃபையர் இல்லாம வாசிச்சா சும்மா டொக்கு டொக்குன்னுதான் கேக்கும். ஈ ஃபிளாட், பி ஃபிளாட், ஏ... அங்க இருந்து அடுத்தது, அடுத்தது. கார்ட் மாறுது, நான் நடந்துக்கிட்டே இருக்கேன். நிக்கலை. ஜெகதா அங்க உட்கார்ந்து புடலங்காய் நறுக்கிட்டிருந்தா. என் வாசிப்பைப் பத்தி அவ அபிப்பிராயம் சொல்றதில்லை, காதுல பஞ்சு வெச்சுக்குவா. அன்னைக்கு அவ கத்தி என் தாளத்துல விழுது சார். அவளுக்கே தெரியாது. நான் நிறுத்தினேன். கத்தியும் நின்னுச்சு. "என்ன, முடிஞ்சு போச்சா?"ன்னா. அவ அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சரி, அது எதுக்கு இப்போ.

அன்னைக்கு சாயங்காலம் போய் வாசிச்சேன். மெர்வின் சார் பாதியிலேயே கையை எடுத்துட்டு என்னையே பார்த்தார். "நடந்துட்டே மேன்"னார். கண்ணு கலங்குச்சுன்னு ஷௌக்கத் சொல்வான். ஆனா அடுத்த வார்த்தை என்ன தெரியுமா? "இப்போ டியூன் மட்டும் பண்ணிடு. நீ கொஞ்சம் மேலே நிக்கிறே."

நான்! மேலே!

அவர் ஒரு சின்ன டியூனர் வெச்சிருந்தார், கிளிப் மாதிரி மாட்டறது. அதுவும் பாட்டரி. பியானோவுக்கு வெச்சா பச்சை, எனக்கு வெச்சா சிவப்பு. ஷௌக்கத் வேற, "அண்ணே, ஒரு அரைச் சுத்து இறக்கிப் பாருங்களேன்"ங்கறான். ரெண்டு பேருக்கும் நிதானமா எடுத்துச் சொன்னேன். பியானோ பழசு. பெரம்பூர் ஈரம். கம்பி தொய்ஞ்சு போச்சு. இங்க உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் பார்த்து சரி சரின்னு தலையாட்டிட்டிருக்கீங்க, வெளிய கிரிட் என்ன சொல்லுதுன்னு கேக்கலைன்னேன். மெர்வின் சார் தலையைப் பிடிச்சுக்கிட்டார். ஒத்துக்கிட்டார்னு நெனச்சேன்.

அந்த சமயத்துலதான் கடிதாசு வந்துச்சு. டோரீன் வர்றாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானச் சாப்பாடு அவங்க வீட்டுலயே. இதோ, வர்ற ஞாயிறுதான் சார். ரிட்டர்ன் டிக்கெட் போட்டுத்தான் வர்றாங்களாம், ஆனா வேணும்னா மாத்திக்கற டிக்கெட்டாம். மெர்வின் சார் அதை மட்டும் நாலு தடவை சொன்னார். "மாத்திக்கற டிக்கெட் மேன், ஏகா." அவங்க வந்து உட்கார்ந்ததும் டோரீனை வாசிச்சுக் காட்டணும். மனுஷனுக்கு அது ஒண்ணுதான் நெனப்பு. நேர்த்திக்கடன்னு வேளாங்கண்ணி கிளம்பினார். நாய்க்குச் சோறு வைக்கச் சொல்லி வீட்டுச் சாவியை என்கிட்ட கொடுத்தார்.

இப்ப நீங்க சொல்லுங்க. ஒரு நல்ல காரியத்துக்கு இதைவிட சந்தர்ப்பம் வருமா?

வேப்பேரியில இருந்து பியானோ டியூன் பண்ற ஞானமுத்துவைக் கூட்டி வந்தேன். அவர் தட்டிப் பார்த்துட்டு, "இது சரியாத்தானே சார் இருக்கு"ங்கறார். ஒவ்வொருத்தருக்கும் விளக்கியே என் ஆயுசு போயிடும். ஜன்னலைத் திறந்து விட்டேன். அந்த வீட்டுக்கும் லேசாக் கேக்கும் நம்ம ஹம். அதுக்கு ஏத்துங்கன்னேன். "எல்லாத்தையுமா? பழைய கம்பி சார், தாங்காது." என் பொறுப்புன்னேன். நாள் முழுக்க முறுக்கினார். ரெண்டு கம்பி அறுந்துச்சு. அத்தனை கம்பியில ரெண்டு, அது சகஜம். எங்க லைன்ல மழைக்காலத்துல எவ்வளவு அறுந்து விழுது. நாய் மட்டும் ஒரே ஊளை. சார்ஜென்ட்னு பேரு. அதுக்கும் தப்பு சுருதி பழகிப் போயிருக்கு பாருங்க.

மெர்வின் சார் வந்தார். பியானோ முன்னாடி உட்கார்ந்து ஒரு கார்ட் வாசிச்சார். நிறுத்தினார். இன்னொண்ணு வாசிச்சார். நான் பெருமையா நின்னுட்டிருக்கேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தலை சார். கத்தியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். "இது டோரீனுக்கு அவ அப்பா கொடுத்தது"ன்னார். மூடியைச் சாத்தினார். சாவிக்குக் கையை நீட்டினார். அவ்வளவுதான். சரி பண்ணிக் கொடுத்தவனுக்கு இதுதான் மரியாதை.

ஞானமுத்துவைத் திரும்பவும் கூப்பிட்டாராம், பழையபடி இறக்கச் சொல்லி. அவர் கையை விரிச்சுட்டார். கம்பியைப் பிடிச்சிருக்கற ஆணி எல்லாம் தளர்ந்து போச்சாம். இன்னொரு தடவை திருப்பினா எதுவும் நிக்காதுன்னு சொல்லிட்டார். ஆக பியானோ இப்ப கிரிட்டோட சுருதியிலதான் இருக்கு. இருக்கும்!

அப்புறம் ஒரு காலேஜ் பையனைப் பிடிச்சாங்களாம் பேஸுக்கு. ஷௌக்கத்தான் வந்து சொன்னான். பையன் கிளிப்பு, டியூனர் எல்லாம் மாட்டிட்டு வந்து வாசிச்சானாம். ரெண்டாவது வரியிலேயே மெர்வின் காதைப் பொத்திக்கிட்டாராம். பியானோவோட ஒட்டவே இல்லை. பையனைத் தன்னோட கம்பியை ஏத்திக்கச் சொன்னா, "டியூனர் பச்சை காட்டுது அங்கிள், நான் ஏன் மாத்தணும்?"னு கேட்டானாம். எவ்வளவு பிடிவாதம் பாருங்க! கிளம்பிட்டான். "அண்ணே, இந்த ஊர்ல அந்தப் பியானோவோட சேர்ற ஒரே கிட்டார் உங்களோடதுதாண்ணே"ன்னான் ஷௌக்கத். நான் எத்தனையோ தடவை சொன்னதை இப்பவாவது புரிஞ்சுக்கிட்டீங்களேன்னேன். புரிஞ்சுட்டு வேற என்ன பண்ணணும்? மன்னிப்புக் கேக்கணும். யாரும் கேக்கலை. நானும் வித்துடறதுன்னு முடிவு பண்ணி விளம்பரம் போட்டேன்.

இதுல கொடுமை என்னன்னா, மனுஷன் பழி வாங்கறார் சார். தினமும் போன். நாங்க ஒத்திகைக்கு உட்கார்ற அதே டீ நேரத்துக்கு டாண்ணு அடிக்கும். "ஏகா, வோல்டேஜ் லோ மேன்." புகார் சொல்ல போர்டுல தனி நம்பர் இருக்கு. அதுக்குப் பண்ண மாட்டார். என் சொந்த நம்பருக்குத்தான் பண்ணுவார். நானும் கடமை தவறக் கூடாதுன்னு லைன்மேனை அனுப்பறேன். அவன் மீட்டர் வெச்சுப் பார்த்துட்டு சரியா இருக்குன்னு வந்து நிக்கறான். மறுநாள் திரும்பவும் போன். "ரொம்ப லோ மேன்." நேத்து லைன்மேனுக்குக் கேக் கொடுத்தாராம், எனக்கும் ஒரு துண்டு பொட்டலம் கட்டி அனுப்பினார். லஞ்சம்! திருப்பி அனுப்பச் சொன்னேன், ஜெகதா சாப்பிட்டுட்டா.

அவ வேற சொல்றா, "காது காதுன்னு பீத்திக்கறீங்களே, அவர் என்ன சொல்றார்னு காது கொடுத்துக் கேட்டீங்களா?" கேட்டேனே. வோல்டேஜ் லோன்னார்.

இந்தாங்க காபி. சர்க்கரை போதுமா? சிரிக்காதீங்க சார், உங்களுக்கு இது தமாஷா இருக்கும்.

ஆங், வந்துடுச்சு பாருங்க. போன். யாரு? மெர்வின். சொன்னேன் இல்ல? எடுக்க மாட்டேன். அடிக்கட்டும்... நீங்க என்ன சார் எடுங்க எடுங்கன்னு ஜாடை காட்டறீங்க? ஜெகதா, நீயுமா? சரி. பொதுமக்கள் சேவைன்னு ஒண்ணு இருக்கு.

ஹலோ. ஏகாம்பரம். சொல்லுங்க... லோவா? நேத்துப் பார்த்தாங்களே... எந்த ரூம்ல?... பியானோ ரூம்லயா? சமையல்கட்டுல?... சரியா இருக்கா. படுக்கை ரூம்ல?... அதுவும் சரி. பியானோ ரூம்ல மட்டும் லோ... எப்ப இருந்து?... நான் வராத நாள்ல இருந்தா... ம். ம். சரி. வைங்க.

கேட்டீங்களா சார்? ஒரே வீடு, ஒரே லைன். ஒரு ரூம்ல மட்டும் வோல்டேஜ் லோ. என் சர்வீஸ்ல இப்படி ஒரு கேஸ் நான் பார்த்ததில்லை. லைன்மேனுக்கு இது பிடிபடாது. புத்தகத்துல இல்லாத ஃபால்ட்டு. ஆப்பரேட்டர்தான் நேர்ல போகணும்.

மீட்டரா? மீட்டர் பாட்டரியில ஓடறது, அதை நம்பிப் போக முடியாது. இதை எடுத்துட்டுப் போறேன். ஜி கம்பியைத் தட்டினா லைன் சரியா இருக்கா இல்லையான்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவேன். ஜெகதா, என் செருப்பு... ஓ, வாசல்லயே வெச்சிட்டியா. ஒயரையும் சுத்திப் பையில போட்டுட்டியா? சலவைச் சட்டை எதுக்குடி, வோல்டேஜ் பார்க்கறதுக்கு? சரி, கொடு.

தப்பா எடுத்துக்காதீங்க சார். காபியை நிதானமாக் குடிச்சுட்டுப் போங்க. பொண்ணுகிட்ட ஞாயித்துக்கிழமை கழியட்டும்னு சொல்லுங்க. அதுக்கும் உறுதி சொல்ல முடியாது. இந்த மாதிரி ஃபால்ட்டு ஒரு நாள்ல தீராது, பக்கத்துலயே இருந்து கவனிக்கணும்.

ஒரே ஒரு நிமிஷம், பேசாம இருங்க. ம்ம்ம்ம்ம்... இன்னும் ஒரு துளி ஏத்தணும். ஆங். இப்ப சரி.